நான் அடக்கச் சொன்ன வாய்

பதினொரு வருடம் சபையில் நான் ஒரே விண்ணப்பத்தைத்தான் எழுதிப் போட்டுவந்தேன். "ஆண்டவரே, என் கணவர் தாஸின் வாயை அடக்கித் தாரும்." போன ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வாய் அடங்கிப்போனது.

பிரியமானவர்களே, என் பெயர் விமலா. முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். என் கணவர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரே மகள் ஜெனி, கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள்.

அவரிடம் குடி இல்லை, பீடி இல்லை, வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. வாய் மட்டும்தான். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே வீட்டுக்குள் அவர் குரல் கேட்கும். ரோட்டில் எவனோடாவது சண்டை, கவுன்சிலர் ஆபீசில் சண்டை, பால்காரரோடு சண்டை. வேதனை என்னவென்றால், நல்லவிதமாகப் பேசினாலும் அவர் பேச்சு சண்டை போடுவதுபோலத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சத்தமாக ஆமென் சொன்னால்கூட எனக்கு மானம் போகும். அதனால்தான் அந்த விண்ணப்பச் சீட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. டம்ளரைத் திட்ட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. நானும் ஜெனியும் தாங்கிப் பிடிப்பதற்குள் சரிந்துவிட்டார்.

சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. டாக்டர் என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் புரியும். தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வார்த்தை மட்டும் வராது. வருமா என்று கேட்டேன். வரலாம், சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராது என்றார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது. இத்தனை வருடமும் எனக்குக் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. அவர் சேரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு அசையும். கண்ணில் தண்ணீர் நிற்கும். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். கர்த்தர் என் சீட்டைப் படித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பதினொரு வருடம் தட்டினேன், ஒரு நாள் திறந்துவிட்டார். என் புருஷனை நானே ஊமையாக்கிவிட்டேன். இப்படி ஒரு எண்ணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது? முழங்கால் போடுவேன். ஒரு வார்த்தையும் வராது. அவருக்கும் வார்த்தை இல்லை, எனக்கும் வார்த்தை இல்லை.

வெளியே மட்டும் என் வாய் திறந்துகொண்டது. அதுவரை கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். இப்போது பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போகும் இடத்தில் யாராவது வரிசையைத் தாண்டி நுழைந்தால் விடமாட்டேன். வீல்சேர் வரும்வரை நின்று சத்தம் போடுவேன். அவர் வண்டியை வேறு ஒருவர் ஓட்ட வேண்டும் என்று ஸ்டாண்டுக்குப் போய் அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று நானே பேசினேன். ஜெனி ஒரு நாள் சொன்னாள், "அம்மா, நீ அப்படியே அப்பா மாதிரி கத்துற." எனக்கு அழுகைதான் வந்தது.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிறு. ஜெனியை அவரோடு விட்டுவிட்டு நான் மட்டும் சபைக்குப் போனேன். எங்கள் சபை வாசலில் ஒரு மேசை இருக்கும். மேசையில் இரண்டு பெட்டிகள். உள்ளே நுழையும்போது இடது கைப் பக்கம் விண்ணப்பப் பெட்டி, வலது கைப் பக்கம் ஸ்தோத்திரப் பெட்டி. இடது பெட்டிச் சீட்டுகளைப் பாஸ்டர் ஐயா தனியாக வைத்து ஜெபிப்பார். வலது பெட்டிச் சீட்டுகளை ஆராதனை முடிவில் எல்லோருக்கும் வாசிப்பார். யார் சீட்டு வாசிக்கப்படுகிறதோ அவர்கள் எழுந்து நிற்க வேண்டும், சபை கைதட்டும். இதுதான் எங்கள் வழக்கம். எனக்கு வலது பெட்டியில் வேலையே இருந்ததில்லை. பதினொரு வருடமும் பார்க்காமலே இடது பக்கம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அன்றைக்கு எழுத மனமில்லாமல் மூன்றே வார்த்தை எழுதினேன். "கணவர் தாஸ். பேச்சு." வழக்கம்போல இடது பக்கம் போட்டேன். அந்த வாரம் வாசலில் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மேசையை நகர்த்தி, திருப்பிப் போட்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை.

ஆராதனை முடிவில் பாஸ்டர் ஐயா சீட்டுகளைப் பிரித்தார். ஒன்றைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "நம்முடைய சகோதரர் தாஸுக்குப் பேச்சு கிடைத்ததற்காக, சகோதரி விமலா கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள்" என்றார்.

சபை எழும்பிவிட்டது. கைதட்டல், ஸ்தோத்திரம், அல்லேலூயா. என் பெயரைக் கேட்டதும் சபை வழக்கப்படி யோசிக்காமலே நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மொதல்ல இன்னா பேசுனாரு விமலா?" என்று கேட்டாள் ரெஜினா. சபையில் எனக்கு நெருங்கிய தோழி அவள்.

"என் பேர சொன்னாரு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தினமும் அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன் போல, வாயிலிருந்து விழுந்துவிட்டது. தேவனுடைய வீட்டு வாசலில் நின்று பொய் சொன்னேன்.

பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற சாரா அக்கா கையை உயர்த்தி அறிவித்தார்கள். "வர்ற சனிக்கெழம மத்தியானம் தாஸ் ஊட்ல ஸ்தோத்திரக் கூட்டம். எல்லாரும் வந்துடணும்." ஜெபம் கேட்கப்பட்டால் அந்த வீட்டில் கூடி நன்றி சொல்வதும் எங்கள் வழக்கம்தான்.

புதன்கிழமை வரை தாங்கினேன். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ஆவடியில் ரயில் இறங்கி, நேராகப் பருத்திப்பட்டில் சாரா அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டி மாறியது, பெயரைச் சொன்னார் என்ற பொய், அந்தப் பதினொரு வருடச் சீட்டு, எல்லாம். கூட்டத்தை நிறுத்திவிடுங்கள் என்றேன்.

சாரா அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மகனுக்கு ஐடி வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. முதலில் கோபப்பட்டார்கள்.

"பொட்டி மாறனது தப்பில்ல. பொய் எதுக்குடி சொன்ன?"

"தெரியலக்கா."

"சரி. நானே எல்லாருக்கும் உண்மைய சொல்லிடறேன். கூட்டத்த நிறுத்தமாட்டேன். ஸ்தோத்திரக் கூட்டம்னு சொல்லியாச்சு, ஸ்தோத்திரம் பண்ணாம போறதா?"

"எதுக்குன்னு ஸ்தோத்திரம் பண்றது அக்கா? ஒண்ணுமே நடக்கலியே."

அக்கா கீரையைக் கீழே வைத்தார்கள். "வாய் பூட்ச்சுன்னு இப்ப அழுவுற. அந்த வாய் இருந்தப்போ அதுக்காவ ஒரு நாளாவது நன்றி சொல்லிக்கீறியா?"

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தேன். அந்தக் கேள்வி கூடவே வந்தது.

சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஜெனி பாய் விரித்தாள். அவருக்கு நல்ல சட்டை போட்டு ஜன்னல் பக்கம் சேரில் உட்காரவைத்தேன். அவருடைய வண்டியும் அன்று வாசலில்தான் நின்றது. ஓட்டுகிறவர் அன்று லீவு. சாரா அக்கா சுற்றிவளைக்கவில்லை.

"தாஸுக்கு இன்னும் பேச்சு வரல. விமலா சீட்ட மாத்தி போட்டுடுச்சு. பேர சொன்னாருன்னு சொன்னதும் பொய்தான். எங்கிட்ட வந்து சொல்லி அழுதுச்சு. இப்ப உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் என் பெயரைச் சொன்னதாக நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"இப்ப தாஸ் வாய்க்காவ நன்றி சொல்லப் போறோம்" என்றார்கள் சாரா அக்கா. "இதுவரிக்கும் இருந்த வாய்க்கு. யாருக்கு இன்னா தெரியுமோ சொல்லுங்க."

முதலில் ரெஜினா ஆரம்பித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வண்டியில் அவள் வந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவன் அவள் இடுப்பில் கை வைத்திருக்கிறான். அவள் பயத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். "கண்ணாடில பாத்துட்டாரு அண்ணன். காடுவெட்டி கிட்ட வண்டிய ஓரங்கட்டி ஒரு சவுண்டு வுட்டாரு பாரு, ரோடே திரும்பிச்சு. அண்ணன் சட்டய புடிச்சு கிழிச்சுட்டு அவன் ஓடனான். என் பேர் வெளிய வரக்கூடாதுன்னு யாருகிட்டயும் சொல்லல போல கீது. உங்கிட்டயாவது சொன்னாரா விமலா?"

சொல்லவில்லை. கிழிந்த சட்டையோடு அவர் வந்த அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுபடியும் ரோட்டில் சண்டை என்று நினைத்து இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அந்த ஞாயிறு சீட்டில் இரண்டு வரி அதிகமாக எழுதினேன்.

அடுத்து செல்வி பேசினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஃப்ளாட்டில் குடியிருந்து அம்பத்தூரில் வேலைக்குப் போகிறவள். "நான் இங்க வந்த புதுசுல அண்ணன் சத்தத்தக் கேட்டு பயந்து அந்த வண்டியிலயே ஏற மாட்டேன். ஒரு நா ரயில் லேட்டு, மழ வேற. ஸ்டாண்டுல ஒரு வண்டி இல்ல. அண்ணன் மட்டும் நின்னு, 'தங்கச்சி, ஓடியா, உனக்கோசரம்தான் நிக்கிறேன்'னு கத்துனாவ. இந்த ஊர்ல என்னைய யாரோ தேடுதாங்கன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு."

சபையில் அழுத அந்த வயதான அம்மா பேசினார்கள். மூச்சுத் திணறிய அவர்கள் வீட்டுக்காரரை இவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வழி நெடுகக் கத்தி, டிராஃபிக்கை விலக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த ஐயா உயிரோடிருந்தார்.

அன்று வந்தவர்களில் கஷ்டம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. போன மழையில் ஒருத்தி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பீரோகூடப் பாழாகியிருந்தது. ரெஜினாவின் கம்பெனியை மூடப்போவதாகப் பேச்சு. செய்தியைப் போட்டால் எங்கோ யுத்தம், எங்கோ வெள்ளம். அத்தனையையும் சுமந்துகொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, என் புருஷனின் வாய்க்காக நன்றி சொன்னார்கள்!

என் முறை வந்தது. மூன்று மாதமாக வராத ஜெபம் வந்தது. "ஆண்டவரே, நீர் கொடுத்த வாயை நான் பதினொரு வருடம் குற்றம் சொன்னேன். என்னை மன்னியும். அந்த வாய் இனிமேல் பேசாமலே போனாலும், இத்தனை நாள் அதைக் கொடுத்தீரே, அதற்கு ஸ்தோத்திரம்." சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கவலையில்லை. எல்லோரும் கண்ணை மூடி என்னோடு சேர்ந்து அழுது ஜெபித்தார்கள்.

சனிக்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். அன்றும் வந்தது. அது ரிவர்ஸில் பின்னால் வருகிற சத்தம் கேட்டது. ஜெபத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"டேய்! கஸ்மாலம்! நிறுத்துடா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தோம். அவர் சேரை விட்டுப் பாதி எழுந்து, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். லாரியின் பின்பக்கம் எங்கள் வண்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஜெனிதான் முதலில் கத்தினாள். "அப்பா!"

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெரியாது. சாரா அக்கா இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று குதித்தார்கள். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். லாரி டிரைவர் பயந்துபோய் வாசலில் வந்து நின்றான். "அண்ணாத்தே, சத்தியமா தெரியாம வந்துட்டேன்" என்றான். உள்ளே பெண்களெல்லாம் அழுதுகொண்டே கைதட்டுவதைப் பார்த்து இன்னும் மிரண்டுவிட்டான். அவனை உட்காரவைத்து, கூட்டத்துக்கு வைத்திருந்த கேசரியை முதலில் அவனுக்குக் கொடுத்தோம். "திட்டு வாங்கனதுக்கு கேசரியா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

அடுத்த நாளே சபையில் முன்னால் போய் நின்று என் பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உண்மையான முதல் வார்த்தை என்ன என்றும் சொன்னேன். பாஸ்டர் ஐயா சிரிப்பை அடக்கக் கர்சீஃபால் வாயை மூடிக்கொண்டார்.

நான்கு நாளைக்கு அவரிடம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கஸ்மாலம். டீ சூடு போதவில்லை என்றால் கஸ்மாலம். என்னைக் கூப்பிடவும் அதுதான். எந்த வார்த்தை வரக்கூடாது என்று பதினொரு வருடம் கேட்டேனோ, அதை அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றிவந்தேன்.

பயிற்சி தருகிற மேடத்திடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. யோசித்துப் பேசுகிற பேச்சு வேறு, கோபத்தில் தானாக வந்து விழுகிற பேச்சு வேறு, பலருக்கு இரண்டாவதுதான் முதலில் திரும்பும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கொண்டுவரலாம் என்றார். சிலர் இதைக் கேட்டு, அப்படியானால் இது சாதாரணம்தானே விமலா என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கோபத்தை அவருக்குள் வைத்தவர் யார்? அதைப் பிடுங்கிவிடச் சொல்லி நான் கெஞ்சியபோதெல்லாம் பிடுங்காமல் காப்பாற்றி வைத்தவர் யார்? நான் கேட்டதைக் கர்த்தர் கொடுக்காமல் விட்டதற்கே ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எண்கள், கிழமைகள், பிறகு ஜெனி. என் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல "மே" என்று கூப்பிடுகிறார். போதும், நான் திரும்பிப் பார்க்கிறேன். வலது கை சரியாகாததால் வண்டி ஓட்ட முடியாது. ஆவடி ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளிகள் ஒரு சேர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பூந்தமல்லி, பூந்தமல்லி என்று ஆள் கூப்பிட்டு வண்டிகளை வரிசையாக அனுப்புகிறார். ரயிலிலிருந்து இறங்கும்போதே எனக்குக் கேட்கிறது. மானம் போகவில்லை. வேகமாக நடக்கிறேன்.

வருடக் கடைசி ஆராதனையில் பாஸ்டர் ஐயா அவரை முன்னால் அழைத்தார். நடந்தே போனார். இந்த வருடத்தில் எதற்காக நன்றி சொல்கிறீர்கள் சகோதரரே என்று ஐயா மைக்கை நீட்டினார். அவர் ரொம்ப நேரம் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சபை அசையாமல் காத்திருந்தது. இடது கையால் என்னைக் காட்டினார்.

"இவ... வாய்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி மூச்சை இழுத்தார். "எனக்கு... வாய் இல்ல. இவ... பேசினா. எனக்கோசரம்."

உட்கார்ந்த இடத்திலேயே நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் உங்களை எரிச்சல்படுத்துகிற ஏதோ ஒன்று இருக்கும். ஒரு குரலோ, ஒரு இருமலோ, ஒரு பிடிவாதமோ. காலம் கெட்டுத்தான் கிடக்கிறது, நன்றி சொல்ல எதுவும் இல்லையே என்று உங்களுக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் இருந்தேன். எல்லாம் சரியாகட்டும், பிறகு சொல்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் குரல் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். கர்த்தரை நம்பிச் சொல்லுங்கள். நாம் எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெரியாதபோதும், நம் வீட்டுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.